கைக்கொழந்தை ஒரு பக்கம், ரெண்டரை வயசு அக்குறும்பு ஒரு பக்கம்: எப்படிங்க சமாளிக்கறீங்க?

தறிவீட்டு மருமக | சோமனூர் பக்கம் | இரவு 11:50

வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிக்க மட்டுந்தான் வருவேன், இப்பத்தான் எழுதறேன். ஒரு கையில பாப்பா, ஒரு கையில போனு. எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

மூத்தவன் பையன், ரெண்டரை வயசு. சின்னது பொண்ணு, பொறந்து இன்னும் ஒரு மாசம் முடியலை. வீட்டுல மாமா, அத்தை, எங்க வீட்டுக்காரரோட ஆத்தா, கல்யாணமாகாத கொழுந்தனார். வீட்டை ஒட்டியே தறிக்குடோன், பொடக்காணியில ரெண்டு எருமை, அது போக பாப்பாவைப் பாக்க வர்ற ஒறம்பரை. ஆளுக்குப் பஞ்சமே இல்லைங்க. ஆனா நான் பால் குடுக்க உக்காந்தாப் போதும், அந்த நேரம் பாத்து இவன் ஆரம்பிச்சுருவான்.

இன்னைக்கு நடந்ததை மட்டும் சொல்றேன். காலையில கோலமாவு டப்பாவைத் தூக்கிட்டு வந்து தொட்டில் பூராக் கொட்டி வெச்சான். நல்லவேளை, பாப்பா என் மடியில இருந்துச்சு. மத்தியானம் குடோனுக்குள்ள பூந்து நூல் சுத்தி வெச்ச தார்க்குச்சியெல்லாம் அள்ளிட்டு வந்து எருமைத் தாழியில போட்டுட்டான். நூலு போச்சேன்னு அவங்கப்பா கத்த, இவன் கைதட்டிச் சிரிக்க. பொழுதோட நான் தலை முடிஞ்சுட்டுத் திரும்பறதுக்குள்ள பாப்பா கன்னத்தைக் கிள்ளிட்டான், கன்னிப் போச்சு. அத்தை முதுகுல ஒண்ணு வெச்சுட்டாங்க. அவன் அழ, பாப்பா அழ, நானும் சேந்து அழுதேன்.

எல்லாரும் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "நீ சின்னதைப் பாரு, அவனை நாங்க பாத்துக்கறோம்." பாத்துக்கறாங்க, இல்லைங்கலை. ஆனா தூக்கிட்டுப் போன வேகத்துல கையிலிருந்து நழுவி ஓடிவந்து என் முந்தானையைப் பிடிச்சுக்கறான்.

ரெண்டு வெச்சிருக்கறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. (பாப்பா தறிச் சத்தத்துல நல்லாத் தூங்குது. கரண்டு போய்த் தறி நின்னா எந்திரிச்சு அழுவுது. இதுக்கும் யாராச்சும் வழி வெச்சிருந்தா சொல்லுங்க!)

ரெண்டுவாலு அம்மா | ஈரோடு | காலை 6:15

மொதல்ல வாங்க கண்ணு. என்னோட ரெண்டுக்கும் ஒன்றரை வருசந்தான் இடைவெளி. அதனால உங்க நெலமை எனக்குச் சொல்லவே வேண்டாம்.

பால் குடுக்கற நேரத்துல ஆரம்பிக்கறான்னு சொன்னீங்கல்ல, அதுக்கு மட்டும் சொல்றேன். ஒரு கட்டைப்பை எடுங்க. கல்யாண வீட்டுல தாம்பூலம் போட்டுத் தர்றதே போதும். அதுக்குள்ள அவனுக்குப் பிடிச்ச சாமானா நாலு போட்டு, ஆணியில மாட்டி வெச்சுருங்க. நீங்க பாலுக்கு உக்காரும்போது மட்டும் அந்தப் பை எறங்கணும், எந்திரிச்சா மறுபடி ஆணிக்குப் போயிரணும். நாள் பூரா கையில இருந்தா மதிக்கவே மாட்டான். எங்கூட்டுல மூடி திருகற பிளாஸ்டிக் டப்பா, பழைய சாவிக்கொத்து, பல்லாங்குழிக் கட்டை, கிழியாத அட்டைப் புத்தகம் இதெல்லாம் இருந்துச்சு. உங்க ஊட்டுல நூல் தீந்த வெறுங்கட்டை கெடக்குமே, அது போதாதா? நாலு நாளைக்கு ஒருக்கா உள்ள இருக்கறதை மாத்திருங்க.

சோழி, புளியங்கொட்டை, காசு, ரிமோட்டுல கெடக்கற பொத்தான் பேட்டரி இதெல்லாம் அந்தப் பக்கமே வேண்டாம். பேட்டரிய முழுங்கினா ரெண்டே மணி நேரத்துல உணவுக்குழாயைப் பொசுக்கிரும்னு எங்க டாக்டர் சொன்னாரு. அதைக் கேட்டதுலருந்து வீட்டுல இருக்கற ரிமோட் எல்லாத்துக்கும் டேப் சுத்தி வெச்சிருக்கேன்.

அம்மிச்சி | கோபி | காலை 7:02

ஏங்கண்ணு, இதுக்கா அழுவறே. மூத்ததை ஒரு மாசத்துக்கு உங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிரு. அப்புச்சி கூடக் காட்டுக்குப் போயிட்டு வந்தான்னா எல்லாம் மறந்துரும். இங்கயே வெச்சிருந்தீன்னா ஏங்கி ஏங்கிச் சவலை பாஞ்சுரும்.

சின்னதுக்கு தெனமும் மேலுக்குத் தண்ணி வாத்து, சாம்பிராணி காட்டி, கைக்கு ஒரு வசம்பு கட்டு. ஜாதிக்காய், மாசிக்காய்னு உரமருந்து உரசி நாக்குல தடவு. வயித்துப் பொருமல் இல்லாம தூங்கும். அது தூங்கினா உனக்குப் பாதிச் சோலி கொறஞ்சுது.

நர்ஸக்கா | காங்கயம் | காலை 9:40

அம்மிச்சி, கோவிச்சுக்கக் கூடாது. தண்ணி வாக்கறது சரி, வசம்பைக் கையில கட்டறதும் போச்சாது, வாயில போட்டுச் சப்பாமப் பாத்துக்கிட்டாச் சரி. மத்தது வேண்டாமுங்க.

சாம்பிராணிப் புகை பச்சைக் கொழந்தை நெஞ்சுக்கு ஆகாது. உரமருந்து, தேன், சர்க்கரைத் தண்ணி, கிரைப் வாட்டர் ஒண்ணும் நாக்குல தடவ வேண்டாம். 6 மாசம் முடியற வரைக்கும் தாய்ப்பால் மட்டுந்தான், சித்திரை வெயில்ல கூட தனியாத் தண்ணி தேவையில்லை. தேன் ஒரு வயசு வரைக்குமே குடுக்கக் கூடாது. குளிப்பாட்டற பாட்டிமாரு மூக்குல ஊதறது, காதுல எண்ணெய் ஊத்தறது, தொப்புள்ல மஞ்சள் வெக்கறது இதையும் நிறுத்தச் சொல்லுங்க. மூக்குல விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவுல கொண்டு வந்து விட்டதை வார்டுல பாத்திருக்கேன்.

மருமக, உங்களுக்கு ஒரு கணக்கு. பாப்பா ஒரு நாளைக்கு 8-லருந்து 12 தடவை பால் குடிக்கும். 6 தடவையாச்சும் ஒண்ணுக்குப் போனா பால் பத்துதுன்னு அர்த்தம். "பால் பத்தலை, அதான் அழுவுது"ன்னு யாரு பவுடர் டப்பாவை நீட்டினாலும் மொதல்ல அந்த ஈரத்துணியை எண்ணுங்க. 3 மாசத்துக்குள்ள 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல் அடிச்சா, மொகம் தெளிவா இருக்குதே, பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. ராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிதான்.

மூத்தவனை அம்மா ஊட்டுக்கு அனுப்பறதைப் பத்தி அம்மிச்சி கிட்ட எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்குது. டூட்டி முடிச்சு வந்து போடறேன்.

அம்மிச்சி | கோபி | காலை 10:11

சண்டைக்கு வா, நான் திண்ணையிலயே உக்காந்திருக்கேன். அஞ்சு பெத்து அஞ்சும் கல்லுக் குண்டாட்ட இருக்குது, எல்லாத்துக்கும் உரமருந்துதான்!

சங்ககிரி லாரிக்காரன் | மதியம் 1:30

ஆம்பளைங்க இங்க எழுதலாமுங்களா? லோடு எறக்க நிக்கறேன், படிச்சுட்டேன்.

எனக்கும் ரெண்டு. சின்னவன் பொறந்தப்ப ஒரு நடைக்கும் இன்னொரு நடைக்கும் நடுவுல வீட்டுல இருக்கற நாள்ல பெரியவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்க வெக்கறது என் சோலின்னு எடுத்துக்கிட்டேன். மொத ரெண்டு நாள் அம்மா அம்மான்னு கத்தினா. அப்பறம் நான் தலைக்கு ஊத்தினாத்தான் கண்ணுல சோப்பு போகாதுன்னு அவளே சொல்ற அளவுக்கு வந்துட்டா. உங்க வீட்டுக்காரர் தறியை ஒரு மணி நேரம் ஆள் கிட்ட விட்டுட்டு வரக்கூடாதுங்களா? தார்க்குச்சி போனதுக்குக் கத்தறதுக்கு, பையனை இடுப்புல வெச்சுக்கிட்டே தறிய ஒரு சுத்து பாத்துட்டு வரலாம்.

ரெண்டுவாலு அம்மா | ஈரோடு | மதியம் 1:48

அண்ணா, இதைச் செரியான சைசுல பிரிண்ட் போட்டு எங்கூட்டு ஆசாரத்துச் சுவத்துல மாட்டப் போறேன்.

பல்லடத்தான் | மதியம் 2:20

லாரிக்கார அண்ணனுக்கு ஒண்ணு. தறிக்குடோனுக்குள்ள சின்னப் புள்ளைய இடுப்புலயும் கொண்டு போகக் கூடாதுங்க. தறியில நூலைக் கொண்டுட்டு ஓடற நாடாக்கட்டை தெறிச்சா எங்க போய் அடிக்கும்னு யாருக்கும் தெரியாது. பெல்ட்டு, மோட்டாரு எல்லாம் திறந்துதான் ஓடும். சத்தம் வேற, பக்கத்துல நிக்கற ஆளு கத்தினாலே கேக்காது. நான் தறி ஓட்டறவன், சொல்றேன். மருமக, அவன் குடோனுக்குள்ள போறான்னா அங்க ஒரு அரைக்கதவு போட்டுத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மேல வைங்க. தாழியில தண்ணி நிறைஞ்சு நிக்கறதும் எனக்குப் பயமாத்தான் இருக்குது. ரெண்டு வயசுப் புள்ள குப்புற விழுந்தா ஒரு சாண் தண்ணி போதும். பலகை போட்டு மூடிருங்க.

சங்ககிரி லாரிக்காரன் | மதியம் 2:31

அது செரிங்க. குடோனை விட்டுருங்க, டீக்கடைக்குத் தூக்கிட்டுப் போகட்டும்.

பத்தாவது மாடி | சரவணம்பட்டி, கோவை | மாலை 6:05

உங்களையெல்லாம் படிச்சா பொறாமையா இருக்குதுங்க. எங்கூட்டுல நான், அவரு, ரெண்டு கொழந்தைங்க. அவ்வளவுதான். ரெண்டும் ஒட்டுக்கா அழுதா எதைத் தூக்கறதுன்னே தெரியாது. எனக்கு 26 வாரம் லீவு கிடைச்சுது, அதுவும் முடியப் போகுது.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: 2017-ல சட்டத்தைத் திருத்தினப்ப 12 வாரமா இருந்ததை மொத ரெண்டு கொழந்தைக்கும் 26 வாரம் ஆக்கினாங்க. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல கொழந்தைக் காப்பகம் வெக்கணும், அம்மா நடுவுல போய்ப் பாத்துட்டு வரலாம். இது ஐடி கம்பெனிக்கு மட்டுமில்ல, பனியன் கம்பெனிக்கும் உண்டு. கேக்கறதுக்குத்தான் ஆளில்லை.

மருமக, பையனுக்கு டிவி, போன் குடுக்கறீங்களா? நான் குடுக்கறேன். யாரு என்ன சொன்னாலும் சரி, பால் குடுக்கற அந்தக் கால் மணி நேரம் எனக்கு வேற வழியில்லை.

ரெண்டுவாலு அம்மா | ஈரோடு | மாலை 6:40

திட்ட மாட்டோம். 2 வயசுக்குக் கீழ வேண்டவே வேண்டாம், 2-லருந்து 4 வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்குது. கணக்குப் பாத்தா ஒவ்வொரு பாலுக்கும் கால் மணின்னு வெச்சா, நாள் பூரா பத்துப் பாலுக்கு எங்க போய் நிக்கும்? ஒண்ணு ரெண்டு பாலுக்குப் போனு, மத்ததுக்குப் பைன்னு வெச்சுக்குங்க. தனி வீட்டுல இருக்கறவங்க கஷ்டம் வேற, அதைக் கூட்டுக்குடும்பத்துல இருந்துட்டு நான் பேசக் கூடாது.

பெரிய நங்கை | கரூர் | இரவு 8:55

மூணு மருமக இருக்கற வீட்டுல நான் மூத்தவ. எட்டு கொழந்தைங்க இந்த வாசல்ல தவழ்ந்துருச்சு. தறிவீட்டு மருமக எழுதினதுல ஒரு வரியிலயே எல்லாம் இருக்குது, யாரும் கவனிக்கலை.

"நீ சின்னதைப் பாரு, அவனை நாங்க பாத்துக்கறோம்." இதுதாங்க தலைகீழ்.

ஒரு மாசக் கொழந்தைக்குப் பால் குடுக்கறதுக்கு மட்டுந்தான் நீங்க வேணும். ஏப்பம் விட வெக்க, துணி மாத்த, தொட்டில் ஆட்ட, தோள்ல போட்டுத் தட்ட அத்தை போதும், ஆத்தா போதும், கொழுந்தனார் கூடப் போதும். அதுக்கு இன்னும் ஆளு அடையாளமே பெருசாத் தெரியாது, சூடான மடி எதுவா இருந்தாலும் தூங்கிரும். ரெண்டரை வயசுக்காரனுக்குத்தான் அம்மா வேணும். அவனை எல்லாரும் ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போனா, "அம்மா கிட்டருந்து என்னைப் பிரிக்கறாங்க, அந்தப் பாப்பா வந்ததாலதான்"னு அவன் கணக்குப் போடறான். அப்பறம் கிள்ளாம என்ன செய்வான்? கிள்ளினாத்தான் நீங்க ஓடி வர்றீங்க.

பாலு குடுத்து முடிச்ச கையோட பாப்பாவை அத்தை கையில குடுத்துருங்க. அடுத்த பால் வரைக்கும் ஒரு அரை மணி நேரம் அவனோட இருங்க. அவனுக்கு ஊட்டறது, கால் கழுவி விடறது, கதை சொல்றது, இதெல்லாம் உங்க கையால. வீட்டுல இருக்கறவங்க உதவி செய்யணும்னா சின்னதைத் தூக்கட்டும், பெரியவனை விட்டுட்டு.

தறிவீட்டு மருமக | சோமனூர் பக்கம் | இரவு 10:20

அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் போனையே பாத்துட்டு இருந்தேன். நெசமாவே இங்க எல்லாமே எதிர்மாறா நடந்துட்டு இருக்குதுங்க. நான் உள்ரூம்ல பாப்பாவோட, அவன் வெளிய எல்லார் கையிலயும்.

ஆனா அத்தைகிட்ட எப்படிச் சொல்றது? "பச்சை உடம்புக்காரி, ரூமை விட்டு வெளிய வராத, காத்து பட்டா ஆகாது"ங்கறாங்க. பாப்பாவை ஆத்தாதான் தண்ணி வாக்கறாங்க, மத்தபடி அவங்களுக்கும் கை நடுங்குது.

பெரிய நங்கை | கரூர் | இரவு 10:41

நீங்க வெளிய போக வேண்டாம், அவனை உள்ள விடச் சொல்லுங்க. பாப்பா தொட்டிலை ரூம்லருந்து ஆசாரத்துக்கு மாத்திட்டா அத்தை காய் நறுக்கிட்டே ஆட்டுவாங்க. "அத்தை, உங்க கையில குடுத்தாத்தான் இவ சீக்கிரம் தூங்கறா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. எந்த மாமியாருக்குத்தான் கசக்கும்.

அம்மிச்சி | கோபி | காலை 5:50

அந்தக் கரூர்க்காரி சொல்றது நெசந்தான். எங்க காலத்துல பெத்தவ படுத்திருப்பா, சின்னது எங்க மாமியா கிட்டத்தான் கெடக்கும். பாலுக்கு மட்டும் கொண்டாந்து குடுப்பாங்க. மூத்தது நம்ம கால்மாட்டுலயே சுருண்டுக்கும். அப்ப யாரும் யோசிச்சுச் செஞ்சதில்லை, இடமே அவ்வளவுதான். அப்புச்சி ஊட்டுக்கு அனுப்பச் சொன்னதை வேணும்னா ரெண்டு நாளா கொறைச்சுக்கறேன். உரமருந்துல எறங்க மாட்டேன்.

நர்ஸக்கா | காங்கயம் | காலை 8:30

நான் போட வந்த சண்டையை அக்காவே போட்டு முடிச்சுட்டாங்க! மூத்தவனை அனுப்ப வேண்டாம்னுதான் நானும் சொல்ல வந்தேன். திரும்பி வர்றப்ப, "நான் இல்லாதப்ப இது என் எடத்தைப் பிடிச்சுருச்சு"ன்னுதான் அவனுக்குத் தெரியும். பால்வாடிக்கு அனுப்பறதும் அப்படித்தான். ரெண்டு வயசு முடிஞ்சா சேத்துக்குவாங்க, மத்தியானச் சாப்பாடு, முட்டை எல்லாம் உண்டு, நல்ல விசயந்தான். ஆனா பாப்பா வந்த மறுவாரமே கொண்டு போய் விட்டுறாதீங்க. ரெண்டு மூணு மாசம் போகட்டும்.

சில புள்ளைங்க திரும்பப் பால் கேக்கும், படுக்கையில ஒண்ணுக்குப் போகும், நடக்கறதை விட்டுட்டுத் தவழும். இதெல்லாம் வழக்கந்தான், கேலி பண்ணாதீங்க. பால் கேட்டா ஒரு வாய் குடுத்தா ஒண்ணும் கொறஞ்சு போகாது. மொதல்ல சின்னதுக்கு, அப்பறம் அவனுக்கு. பெரும்பாலும் வாயை வெச்சுட்டு "உவ்வே"ன்னுட்டு ஓடிருவாங்க.

கிள்ளறதுக்கு: "தொடாத, தொடாத"ன்னு எல்லாரும் கத்தினா தொடறதே ஒரு விளையாட்டாயிரும். பாப்பா பாதத்தைத் தொடலாம்னு காட்டிக் குடுங்க. மொகமும் கையும் அவனுக்கில்லை, பாதம் அவனுக்கு. ஆனா எந்நேரமும் ஒரு பெரிய ஆளு கண்ணுல இருக்கணும், ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டு அடுப்படிக்குக்கூடப் போகாதீங்க. சேலைத் தொட்டில்னா கம்பி, கொக்கி, முடிச்சு மூணையும் இழுத்துப் பாத்துக்குங்க. ரொம்ப உசரமாக் கட்டாதீங்க. அவன் அதைப் பிடிச்சுத் தூரி ஆடுவான், நிச்சயமா ஆடுவான்.

ரெண்டுவாலு அம்மா | ஈரோடு | காலை 9:05

தனியா விடாதீங்கன்னு நர்ஸக்கா சொன்னதுக்கு ஒண்ணு சேத்துக்கறேன். எங்க பெரியவன் பாசத்துலயே பயமுறுத்துவான். ஒருநாள் பாப்பா வாயைத் தொறந்து அழுதுட்டு இருக்குது, இவன் தொட்டில் மேல கவுந்து "பசிக்குதா தங்கம், இந்தா"ன்னு கடலை மிட்டாயை ஒடைச்சு வாய்கிட்டக் கொண்டு போறான். எங்க அத்தை பாஞ்சு கையைப் பிடிச்சாங்க. மொகத்துல அப்படி ஒரு அக்கறை அவனுக்கு, திட்டவும் முடியலை. அன்னைலருந்து நெலக்கடலை, மிட்டாய் எல்லாம் அட்டாரிக்குப் போச்சு. அவனுக்கே கடலை முழுசாக் குடுக்கக் கூடாத வயசுதானே.

குளத்தேரிப் பொண்ணு | பெருந்துறை | காலை 11:15

ஒறம்பரையைப் பத்தி யாரும் பேசலை. வர்றவங்க எல்லாரும் பாப்பாவுக்கு மட்டும் கவுனு, சோப்புப் பொட்டி, பிரட்டு பாக்கெட்டுன்னு கொண்டாறாங்க. மூத்தது கதவோரம் நின்னு பையையே பாத்துட்டு நிக்குது. நான் என்ன செஞ்சேன்னா, வர்றவங்க கிட்ட முன்னாடியே போன்ல சொல்லிட்டேன்: "மொதல்ல பெரியவளைக் கூப்பிட்டுப் பேசுங்க, அப்பறம் அவளே பாப்பாவைக் காட்டுவா." நல்லா வேலை செஞ்சுது. அவதான் தொட்டில் துணியை வெலக்கி "இது எங்க பாப்பா"ன்னு காட்டுவா.

சளி, இருமலோட வர்றவங்களை வாசல்லயே நிறுத்தி மோர் குடுத்து அனுப்பிருங்க. வாயில முத்தம் குடுக்கற பெரியம்மாக்கள் கிட்ட மொகத்தைச் சுளிக்க வேண்டாம், "டாக்டரு திட்டறாருங்க"ன்னு டாக்டர் மேல பழியைப் போட்டுருங்க. யாருக்கும் மனசு நோகாது.

பல்லடத்தான் | மதியம் 12:40

கரண்டு போனா பாப்பா எந்திரிக்கறதுக்கு வழி கேட்டிருந்தீங்க. எங்கூட்டுலயும் அதே கதைதான். தறிச் சத்தத்தைப் போன்ல பதிஞ்சு வெச்சுட்டு, கரண்டு போனதும் தள்ளி வெச்சு மெதுவாப் போட்டு விட்டோம். சிரிக்காதீங்க, தூங்குச்சு. ஆனா வயித்துல இருந்தப்ப இருந்தே கேட்ட சத்தந்தான்னு நெனைச்சு தொட்டிலைக் குடோன் சுவத்தை ஒட்டிப் போடாதீங்க. எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, கதவைச் சாத்தி வைங்க. தறி ஓட்டற எங்களுக்கே வயசு ஏற ஏறக் காது மந்தமாகுது.

தறிவீட்டு மருமக | சோமனூர் பக்கம் | அடுத்த வாரம், இரவு 9:30

எழுத நேரமே கிடைக்கலைங்க. என்னாச்சுன்னு சொல்லிடறேன்.

தொட்டிலை ஆசாரத்துக்கு மாத்தியாச்சு. அத்தைகிட்ட நங்கையக்கா சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன். ஒண்ணும் பேசலை, ஆனா மறுநாள்லருந்து பால் குடுத்து முடிக்கறதுக்குள்ள கையை நீட்டிட்டு நிக்கறாங்க. பையனுக்கு இப்ப நான்தான் ஊட்டறேன். அரிசிம்பருப்பு சாதம் ஒரு கிண்ணம், முழுசாச் சாப்புடறான். இதுக்கு முன்ன ஆத்தா வாசலெல்லாம் தொரத்தித் தொரத்தி ஊட்டுவாங்க. பை ஒண்ணும் ஆணியில தொங்குது. நான் உக்காந்த உடனே அவனே "பை, பை"ங்கறான். தாழிக்கு மாமா பலகை போட்டுட்டாரு, குடோனுக்கு அரைக்கதவுக்கு ஆசாரியைக் கூப்பிட்டிருக்காங்க.

கிள்ளறது நிக்கலை. கொறஞ்சிருக்குது, ஆனா நேத்துக் கூடக் காலைக் கிள்ளினான். பாதத்தைத் தொடலாம்னு சொன்னதால பாதத்தையே கிள்ளறான்!

இன்னொண்ணு கேக்கணும். காரணமே இல்லாம அழுகை வருது. குளிக்கற ரூமுக்குப் போனா அழுதுட்டுத்தான் வர்றேன். இது தானாப் போயிருமா?

நர்ஸக்கா | காங்கயம் | இரவு 9:52

கண்ணு, பிரசவத்துக்கப்பறம் மொத ரெண்டு வாரம் நெறையப் பேருக்கு அப்படி இருக்கும், தானாச் சரியாகும். உங்களுக்கு அது தாண்டிருச்சு. தூக்கம் வரலை, பசி இல்லை, பாப்பா மேலயே ஒட்டுதல் இல்லைன்னு எதாச்சும் இருந்தா இது சும்மா அசதி இல்லை, மருத்துவம் பாக்கற விசயம். ஆரம்ப சுகாதார நிலையத்துலயே சொல்லுங்க. அரசாங்க மனநல உதவி எண் 14416-க்குப் போன் பண்ணினா எந்நேரமும் தமிழ்லயே பேசுவாங்க, காசில்லை. வீட்டுக்காரர் கிட்டயும் இன்னைக்கே சொல்லுங்க, "கொஞ்சம் டல்லா இருக்குது"ன்னு இல்லை, இங்க எழுதின மாதிரியே. பாப்பாவையோ உங்களையோ எதாச்சும் செஞ்சுக்கத் தோணுச்சுன்னா ஒரு நிமிசம் கூடத் தனியா இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிதான்.

இரும்புச் சத்து மாத்திரை சாப்புடறீங்களா? பிரசவத்துக்கப்பறமும் 180 நாள் சாப்புடணும். பாதிப் பேரு டப்பாவை அலமாரியில வெச்சுட்டு மறந்துருவாங்க.

தறிவீட்டு மருமக | சோமனூர் பக்கம் | இரவு 10:30

ஒட்டுதல் எல்லாம் இருக்குதுங்கக்கா. தூக்கந்தான் இல்லை. அவர்கிட்ட இந்த இழையையே படிக்கக் குடுத்துட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "லாரிக்காரர் செரியாத்தான் சொல்லியிருக்காரு"ன்னாரு. இன்னைக்கு ராத்திரி பையன் அவர் பக்கத்துல படுத்திருக்கான். நாளைக்குச் சுகாதார நிலையத்துல சொல்றேன். மாத்திரை... எடுத்து வெச்சுட்டேன்.

அம்மிச்சி | கோபி | காலை 6:00

மாத்திரையோட செலவு ரசமும் குடி. மல்லி, மிளகு, சீரகம், ரெண்டு திப்பிலி, துளியூண்டு சுக்கு வறுத்துப் பொடி பண்ணிக்கோ. பூண்டும் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெய்ல வதக்கி, எல்லாத்தையும் ஒட்டுக்கா அரைச்சுக் கொதிக்க விடு. நாட்டுக்கோழி எலும்பு ரெண்டு போட்டா இன்னும் நல்லது. உங்க அத்தைக்குத் தெரியும், கேளு. இதுக்கு நர்ஸு ஒண்ணும் சொல்ல முடியாது.

நர்ஸக்கா | காங்கயம் | காலை 8:15

சொல்ல மாட்டேன், எனக்கும் ஒரு டம்ளர் அனுப்புங்க. ஆனா பத்தியம்னு சொல்லி காய், பழம், பருப்பை நிறுத்தக் கூடாது. பால் குடுக்கறவ நல்லாச் சாப்புடணும், தண்ணியும் நெறையக் குடிக்கணும்.

குளத்தேரிப் பொண்ணு | பெருந்துறை | காலை 10:00

நடுவுல ஒரு கேள்வி. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி ரெண்டாவது கொழந்தைக்கும் உண்டுங்களா? மூத்ததுக்கு வாங்கியாச்சு.

நர்ஸக்கா | காங்கயம் | காலை 10:25

உண்டு, ரெண்டு பிரசவம் வரைக்கும். ஊட்டச்சத்துப் பெட்டகத்தோட சேத்து 18,000 ரூபாய், தவணை தவணையா வரும். கர்ப்பமா இருக்கையிலயே பதிஞ்ச பிக்மி எண் வேணும், அதை வெச்சுக்கிட்டு உங்க ஊர் கிராம சுகாதார நர்ஸைப் பாருங்க. தடுப்பூசி போட்டாத்தான் அடுத்த தவணை, தள்ளிப் போடாதீங்க.

தறிவீட்டு மருமக | சோமனூர் பக்கம் | காலை 11:10

தடுப்பூசின்னதும் ஞாபகம் வந்துச்சு. வர்ற புதன்கிழமை பாப்பாவுக்கு 6 வார ஊசி. நானும் வர்றேன்னு இவன் இப்பவே செருப்பை மாட்டிட்டு நிக்கறான். கூட்டிட்டுப் போறதா, விட்டுட்டுப் போறதா? போன தடவை வேற விசயமாப் போனப்ப அங்க இருந்த எடை பாக்கற மிசின் மேல ஏறிட்டு எறங்கவே மாட்டேன்னுட்டான்.

பெரிய நங்கை | கரூர் | காலை 11:30

கூட்டிட்டுப் போங்க, ஆனா அவங்கப்பாவும் வரணும். ஊசி போடறப்ப பாப்பா உங்க மடியில, பையன் அவர் தோள்ல. முடிஞ்சதும் பாப்பாவை அவர் கையில குடுத்துட்டு, பையனுக்கு நீங்களே ஒரு இளநி வாங்கிக் குடுங்க.

நர்ஸக்கா | காங்கயம் | மதியம் 12:05

கார்டை மறந்துறாதீங்க. புதன்னா கூட்டமா இருக்கும், வெள்ளனப் போயிருங்க. ஊசி ரெண்டு தொடையிலயும் விழும், அது போக சொட்டு மருந்து. அன்னைக்கு ராத்திரி லேசாக் காய்ச்சல் அடிக்கலாம். அங்கயே மருந்து குடுத்து எடைக்கு எவ்வளவுன்னு சொல்லுவாங்க, அது மட்டும் குடுங்க. ஊசி போட்ட எடத்துல எண்ணெய், மஞ்சள், ஐஸ் எதுவும் தேய்க்க வேண்டாம். அந்த எடை மிசினு பெரியவன் ஏறினாத் தாங்கும், எங்க மிசின்ல எங்க டிரைவரே ஏறிப் பாப்பாரு.